கான்னியின் காலர்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை பதினொரு பழைய கவுன்களுக்குக் கழுத்து மாற்றியது. 1985 மே ஐந்து, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் மீன் துறைக்குப் பின்னால் இருக்கும் தெருவில், அவள் வீட்டுச் சமையலறையில்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து நாற்பது வருடம் ஆனதைக் கொண்டாட சர்ச் ஹாலில் ஒரு விழா வைத்திருந்தார்கள். தெருப் பெண்கள் அந்தக் காலத்துக் கவுன்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, மகளுக்கோ மருமகளுக்கோ போட்டு மேடையில் நடக்கவிட வேண்டும். எடுத்துப் பார்த்தால் ஒன்று வெளுத்திருந்தது, ஒன்றைப் பூச்சி அரித்திருந்தது. எல்லாம் அம்மாவிடம் வந்து சேர்ந்தன.

"துணிய ஒண்ணும் பண்ண முடியாது. கழுத்த மாத்து. பாக்கறவங்க கண்ணு நேரா கழுத்துக்குத்தான் போகும். மீதிய அவங்களே நல்லா இருக்குன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள்.

அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. அதனால் வெட்டுவதும் ஓட்டுத் தையல் போடுவதும் என் பொறுப்பு. நான் பம்பு வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். செய்தித்தாளில் கவராயத்தால் காலர் வரைந்தேன்.

"இது எவ்வளவு?"

"நூத்தி நாப்பத்தி மூணு மில்லிமீட்டர்."

"மனுஷ பாஷைல சொல்லுடா."

"அஞ்சரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல."

"அந்தக் கொஞ்சம்தான் கழுத்த அறுக்கும். அஞ்சரையே வை."

அவள் கம்பளித் துணி வட்டங்களில் பஞ்சு அடைத்து செர்ரிப் பழங்கள் செய்துகொண்டிருந்தாள். நான் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த டெலிபோன் வயரைச் சுருட்டி மார்பில் குத்துகிற ப்ரூச் மூன்று செய்து முடித்திருந்தாள். சிவப்பு, மஞ்சள், நீலம். பீர் பாட்டில் மூடிகளுக்குத் துணி சுற்றினால் பொத்தான். போரின்போது அவள் வேலை பார்த்த தகர டப்பா தொழிற்சாலையில் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் செய்தார்களாம்.

பக்கத்து வீட்டு மேவிஸ் ஒரு பழுப்புக் கவுனோடு வந்தாள்.

"இதுல நான் நொழைய மாட்டேன் ஐவி. கவுன் நாப்பத்திமூணுலயே நின்னுடுச்சு. நான்தான் ரொம்ப முன்னேறிட்டேன். மருமக போட்டுக்கட்டும்."

"ஜிப்பு பளபளன்னு இருக்கே. அப்ப ஏதுடி ஜிப்பு?" என்றாள் அம்மா.

"அது எழுவதுல வச்சது. பின்னாடிதானே இருக்கு."

"மேடைல திரும்ப மாட்டாளா? முன்னாடி மட்டும் காட்டிட்டு நண்டு மாதிரி போவாளா?"

"ஒரு பட்டி வச்சு மூடேன். செத்துப் பொழச்சவ, உனக்கு இது ஒரு வேலையா?"

மேவிஸ் சிரித்துக்கொண்டே போனாள். அம்மா கெட்டிலை அடுப்பில் வைக்க எழுந்தாள்.

அந்த 'செத்துப் பொழச்சவ' எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கிறிஸ்துமஸுக்கும் சாவு வீட்டிலும் யாராவது சொல்வார்கள். குண்டுவீச்சில் அம்மா இறந்துவிட்டாள் என்று இரண்டு நாள் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். உண்மையில் இறந்தது அவள் தோழி கான்னி டவ்சன். கான்னி அன்றைக்கு அம்மாவின் காலரைப் போட்டிருந்ததால் வந்த குழப்பம். சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் முடிப்பார்கள். அடுத்தவள் பொருளைக் கேட்காமல் எடுக்கிற பழக்கம் கான்னிக்கு; அது சாவைக்கூட ஏமாற்றிவிட்டது. அந்த இடம் வரும்போது அம்மா எப்போதும் கெட்டில் வைக்க எழுந்துவிடுவாள். சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏன் என்று யோசித்ததில்லை.

பழுப்புக்கு வெள்ளைக் காலர் எடுக்கச் சொன்னாள். மிட்டாய் டின்னில் இருபது காலர் இருக்கும். அடியில் மெல்லிய தாளில் சுற்றி ஒன்று இருந்தது. வட்டக் காலர், விளிம்பில் அலையலையாக லேஸ். இருந்ததிலேயே நல்ல வேலை. அதை வைத்து இரண்டு தையல் போட்டுவிட்டேன்.

"அது வேணாம்."

"அளவு சரியா இருக்கும்மா."

"பிரிச்சுடு நெவில்."

குரல் மாறியிருந்தது. நான் பிரிப்பதற்குள் அவளே வந்து ஈரக் கையோடு நூலை அறுத்தாள். காலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இது என்னுது இல்லடா. கான்னியோடது."

"அவங்க சொந்தக் காலரா? அப்ப அது எப்படி உன்கிட்ட?"

கெட்டில் ஊதியது. அவள் எழவில்லை. நான் போய் அணைத்தேன்.

அதன் பிறகு அவள் சொன்னதை வரிசைப்படி எழுதுகிறேன்.

அவர்கள் இருவரும் டப்பா தொழிற்சாலையில் எதிரெதிர் ஷிஃப்ட். போர்க்கால ரேஷனில் துணிக்குக் கிடைத்த கூப்பன்கள் வேலைக்கான மேலங்கி, செருப்பு என்று கரைந்துபோக, மிஞ்சியதைச் சேர்த்து இருவருக்குமாக ஒரே ஒரு நீலக் கவுன் வாங்கினார்கள். ஒரு சனி இவளுக்கு, ஒரு சனி அவளுக்கு. ஒரே கவுன் என்று தெரியாமலிருக்க ஆளுக்கொரு காலர். அம்மாவுடையது கூர் வைத்தது, அவள் அப்பாவின் நல்ல சட்டை மார்பிலிருந்து வெட்டியது. கான்னியுடையது இந்த லேஸ், தலையணை உறை விளிம்பு. போடுகிற அன்று ஓட்டுத் தையலில் பிடித்து, மறுநாள் பிரித்துத் துவைப்பார்கள். சந்துக்கு ஒரே கொடி, துணி மாறிவிடும் என்பதால், காலரின் அடிப்பக்கத்தில் அம்மா தன் தொழிற்சாலை எண்ணைச் சிவப்பு நூலால் தைத்திருந்தாள். 417.

அவர்களுக்குள் ஒரே சட்டம்தான். கவுன் பொது, காலர் சொந்தம். ஒருத்தி காலரை மற்றவள் எடுக்கக் கூடாது. தெருவே கழுத்தைப் பார்த்துத்தான் இன்று யார் முறை என்று தெரிந்துகொண்டது.

நாற்பத்திமூன்று கோடையில் ஒரு சனிக்கிழமை, கான்னியின் முறை. அம்மா, கான்னியோடு நடனத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, யார்க் நகரத்துக்கு ரயில் ஏறினாள். விடுப்பில் வந்த ஒரு பீரங்கிப் படை ஆள் அங்கே காத்திருந்தான். அவன்தான் பின்னால் என் அப்பா. அம்மாவிடம் இருந்தது ஒரு பழைய பச்சைக் கவுன். கூர்க் காலர் அதற்குப் பொருந்தவில்லை. லேஸ் பொருந்தியது. கொடியில் கான்னியின் காலர் காய்ந்துகொண்டிருந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பா. கேட்டா யாரப் பாக்கப் போறன்னு சொல்லணும். அதனால கேக்கல" என்றாள்.

கான்னி மாலையில் வேலை முடிந்து வந்தாள். கொடியில் காலர் இல்லை. கவுனில் போன வாரம் அம்மா பிரிக்காமல் விட்ட 417 காலர் அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் அதோடு நடனத்துக்குப் போனாள். திரும்பி வரும் வழியில் குண்டு விழுந்தது.

முகம் இல்லை. கைப்பை கிடைக்கவில்லை. காலரைத் திருப்பிப் பார்த்து, எண்ணைத் தொழிற்சாலையில் கேட்டு, அம்மாவின் அப்பாவிடம் வந்தார்கள். அவர் துறையில் மீன் இறக்குகிறவர். போர்வைக்கு வெளியே கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, என் பெண்தான் என்றார்.

கான்னியைக் காணோம். அவள் அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார். நடுவில் அம்மாவின் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அழுதும் இருக்கிறார்.

திங்கள் மதியம் அம்மா சந்து முனையில் திரும்பினாள்.

"கான்னியோட அம்மா, டவ்சன் அத்த, எங்க வாசப்படிலதான் நின்னுட்டிருந்தாங்க. கைல மூடி போட்ட பாத்திரம். என்னப் பாத்தாங்க. மொதல்ல சிரிச்சாங்கடா. 'ஐயோ, ஐவி, நீ இருக்கியா'ன்னு சிரிச்சாங்க. அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு. நான் நடந்து வந்ததுதான் அவங்களுக்கு சேதி. யாரும் எதுவும் சொல்லல."

"கான்னி காலர் அப்ப உன் கழுத்துலயா?"

"பைல. ரயில்லயே கழட்டிட்டேன். யாராவது பாத்துடுவாங்கன்னு."

இரண்டு நாள் எங்கே இருந்தாய் என்று அவள் அப்பா கேட்கவே இல்லை. பெண் உயிரோடு இருக்கிறாள், போதும். யாரோ உறவினர் வீட்டில் இருந்ததாக அவரே ஒரு கதை கட்டிக்கொண்டார். காலரைப் பற்றிச் சொன்னால் யார்க் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா சொல்லவில்லை. கான்னி ஏன் ஐவியின் காலரைப் போட்டாள் என்று தெருவில் கேட்டார்கள். எடுத்திருப்பாள் என்று தெருவே பதில் சொன்னது.

"அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல" என்றாள். "பதினஞ்சு நாள் கழிச்சு டவ்சன் அத்த வந்தாங்க. கைல புதுசா ஒரு காலர். அவங்க கல்யாணப் பட்ட வெட்டித் தச்சிருக்காங்க. 'எங்க கான்னி உன்னுத எடுத்துட்டா. அடுத்தவங்க பொருள் எங்க வீட்டுக்கு வேணாம். அவள மன்னிச்சுடு ஐவி'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வாங்கிக்கிட்டேன்டா."

டின்னைத் திறந்து அதையும் காட்டினாள். தந்த நிறப் பட்டு, கைத்தையல். ஒரு இஞ்சுக்கு இருபது தையல் இருக்கும். ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

"யாருக்குத் தெரியும்?"

"உங்கப்பாவுக்கு. இப்ப உனக்கு."

"எல்சிக்கு?"

எல்சி கான்னியின் தங்கை. அப்போது பன்னிரண்டு வயது. இப்போது கடலோரம் விதர்ன்ஸியில் இருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து, சீக்கிரமே ஓய்வு பெற்றவள்.

"அவளுக்குத் தெரியாது. அவ அக்கா எடுத்துட்டான்னுதான் அவளும் நெனச்சிட்டிருக்கா. எடுத்தவ நான்." டின்னை மூடிவிட்டுச் சொன்னாள்: "சனிக்கிழமை விழாவுக்கு வர்றா. ரெண்டையும் குடுத்துட்டு, சொல்லிடறேன்."

பழுப்புக் கவுனுக்கு வேறு காலர் வைத்தோம். ஆறு மணிக்கு நான் கிளம்பினேன்.

சனிக்கிழமை ஹாலில் நல்ல கூட்டம். டின் கறி சாண்ட்விச், அட்டைக் கொடிகள். கவுன்கள் நன்றாகவே இருந்தன. செர்ரிக் கொத்து குத்திய சாம்பல் கவுனுக்குக் கைதட்டு அதிகம். மேவிஸின் மருமகள் திரும்பி நடந்தாள். ஜிப் தெரியவில்லை. மைக் மேவிஸின் கையில்.

"இதெல்லாம் செஞ்சது நம்ம ஐவி. அவ செத்து நாப்பத்திரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் பொத்தான் தச்சிட்டிருக்கா பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் மேஜையில் எல்சியும் சிரித்தாள். காலர்கள் இரண்டும் இருந்த கைப்பையை அம்மா தன் மடியில் வைத்திருந்தாள். அவள் கை பைக்குள் இருந்தது.

"எங்க கான்னி அப்படித்தான்" என்றாள் எல்சி. "என் ரிப்பன் ஒண்ணு விடமாட்டா. அம்மாவுக்குத்தான் கடைசி வரைக்கும் மனசு ஆறல. பொண்ணு போனதவிட, அடுத்தவ காலரோட போனாளேன்னு. சாகறப்பக்கூட, 'ஐவிக்குத் திருப்பிக் குடுத்துட்டோம்ல'ன்னு கேட்டாங்க. குடுத்துட்டோம்மான்னேன். அப்புறந்தான் கண்ண மூடினாங்க. அது இருக்கா ஐவி, இன்னும்?"

"இருக்கு."

"போடுவியா?"

அம்மா வாயைத் திறந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கைந்து வினாடி இருக்கும்.

"டீ ஆறிடும், எல்சி" என்றாள்.

காரில் திரும்பும்போது கேட்டேன். "ஏம்மா?"

"அங்க சொன்னா அவ எங்க உக்காந்து அழுவா? சுத்தி நூறு பேரு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவ வீட்டுக்கே போறேன். செவ்வாய்க்கிழமை."

"நான் கொண்டு விடறேன்."

"வேணாம். நீ வாசல்ல கார வச்சிட்டு நின்னா பாதில எழுந்து வந்துடுவேன். பஸ்னா அடுத்தது வர ரெண்டு மணி நேரம். எங்கயும் ஓட முடியாது."

ஞாயிறன்று போனில் பேசினாள். லேஸ் காலரைத் துவைத்து, நீலம் போட்டு, இளங்கஞ்சியில் முக்கி, துண்டு விரித்து அடிப்பக்கமாகத் தேய்த்துவிட்டாளாம்.

"உன் ரெண்டு தையல் ஓட்ட தெரிஞ்சுது."

"ஆவில காட்டினா மூடிடும்."

"காட்டினேன். மூடிடுச்சு. எனக்கே சொல்லிக் குடுக்கறான் பாரு."

திங்கட்கிழமை மூன்றே முக்காலுக்கு மேவிஸ் என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கதவைத் தட்டினால் திறக்கவில்லை, பின்பக்கமாகப் போனேன், நாற்காலியில் இருக்கிறாள் என்றாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இரண்டிலிருந்து மூன்றுக்குள் என்றார். இரண்டரை என்று எழுதிக்கொண்டேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் ஒரு வால்வின் வரைபடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு உடுத்திவிடுவதை மேவிஸ் ஏற்றுக்கொண்டாள். அம்மாவின் கருநீலக் கவுனை எடுத்துக் கொடுத்தேன். மற்றதை நீயே பார்த்துக்கொள் என்றேன். எதையும் மில்லிமீட்டர் விடாமல் கணக்குப் போடுகிறவன் நான். 'மற்றது' என்றால் எது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

வியாழனன்று சவப்பெட்டியை முன்னறையில் வைத்திருந்தார்கள். எல்சி எனக்கு முன்பே வந்திருந்தாள். உள்ளே நுழையும்போது அவள் அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது.

"நெவில், வந்து பாரு. எங்கம்மா தச்சதுப்பா. எங்கம்மா காலரு."

பார்த்தேன். கருநீலத்தின் மேல் தந்த நிறப் பட்டு. மேவிஸ் அம்மாவின் கைப்பையைத் திறந்து, இருந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்துத் தைத்திருக்கிறாள்.

"கைப்பைல தாள் சுத்தி வச்சிருந்தா, இன்னொரு லேஸும் கூட இருந்துது" என்று மேவிஸ் என் காதருகில் சொன்னாள். "லேஸு பழசாத் தெரிஞ்சுது. பட்டுதான் எடுப்பா இருந்துது. சரிதானே கண்ணு?"

சரி இல்லை. நாற்பத்திரண்டு வருடம் அம்மா கழுத்தில் படவிடாமல் வைத்திருந்ததை இப்போது மாட்டிவிட்டார்கள். பிரிக்க இரண்டு நிமிடம் போதும், ஓட்டுத் தையல்தான். ஆனால் எல்சி விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"இதப் போட்டுட்டுப் போகணும்னு வச்சிருந்தா பாரேன். அம்மா இருந்திருந்தா எவ்வளவு நிம்மதி. உங்கம்மா மன்னிச்சுட்டாப்பா. எங்க கான்னிய நெஜமாவே மன்னிச்சுட்டா."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். மேவிஸ் என்னிடம் கொடுத்த லேஸ் காலர் என் கோட்டுப் பையில் இருந்தது.

"உக்காருங்க எல்சி" என்றேன். "ரொம்ப தூரத்துலேந்து வந்திருக்கீங்க."

அப்படித்தான் நாற்பத்திரண்டு வருடம் போயிருக்கும் என்று புரிந்தது. ஒவ்வொரு தடவையும் நான்கைந்து வினாடி.

அடக்கம் செய்துவிட்டு வந்தோம். எல்சியை மேவிஸின் மகன் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

இன்று சனிக்கிழமை. வாடகை வீட்டைக் காலி செய்ய நாள் கொடுத்திருக்கிறார்கள். துணிகளை மடித்தேன். டின்னில் மிச்சமிருந்த காலர்களை மேவிஸ் எடுத்துக்கொண்டாள். அம்மாவின் கைப்பையைக் கடைசியில் திறந்தேன். மூக்குக் கண்ணாடி, சீப்பு, அரை ரீல் வெள்ளை நூல். ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் பென்சிலால், அந்த வாரத்து வேலைகள் மூன்று.

லைப்ரரிப் புத்தகம். கோடு போட்டு அடித்திருக்கிறாள்.

மேவிஸின் ஜிப்பை மூடிய பட்டியைப் பிரித்துக் கொடுப்பது. அதுவும் அடித்திருக்கிறது.

எல்சி. செவ்வாய், பத்து இருபது பஸ். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.